சொத்தைப் பல்: வெள்ளைப் புள்ளி முதல் சீழ்க்கட்டி வரை, எந்தக் கட்டத்தில் என்ன வைத்தியம்?

பல் டாக்டரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல டாக்டர், ராத்திரியிலேர்ந்துதான் உயிர் போகுது." வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தால், கடைவாய்ப் பல்லில் மிளகு உள்ளே போய் உட்காரும் அளவுக்குக் குழி இருக்கும். ஒரே ராத்திரியில் விழுந்த குழி இல்லை அது. மாதக்கணக்கில், பலருக்கு வருஷக்கணக்கில், சத்தமே இல்லாமல் விழுந்தது.

சொத்தை விஷயத்தில் வலி நம்மை இரண்டு தடவை ஏமாற்றும். ஆரம்பத்தில் வலிக்காது, அதனால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கடைசியில் நரம்பு செத்துப்போனதும் வலி தானாக நின்றுவிடும், 'சரியாப் போச்சு' என்று மறுபடியும் போகாமல் இருந்துவிடுவோம். நடுவில் வரும் சில நாள் வேதனையை மட்டும்தான் நோய் என்று கணக்கில் வைக்கிறோம். ஆனால் சுலபமான வைத்தியங்கள் எல்லாம் வலிக்காத காலத்தில்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் வலியைக் கடைசியாக வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதையும் கூச்சத்தின் குணத்தையும் வைத்துக் கட்டம் கட்டமாகப் போவோம்.

முதலில், சொத்தை எப்படி விழுகிறது?

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழப்பு இல்லாமல் சொரசொரவென்று தட்டுப்படும். அந்தப் படலம் முழுக்க பாக்டீரியா. அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் போன்றவை நாம் சாப்பிடும் சர்க்கரையை எடுத்துக்கொண்டு லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. பல்லின் மேல் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கியதும், பல்லின் கெட்டியான மேலோடான எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தை மெல்ல முறித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலைமையைச் சீராக்கும். கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பவும் பல்லில் படிய வைக்கும். நாள் முழுக்க இப்படி ஒரு வரவு செலவு நடந்துகொண்டே இருக்கிறது. செலவு வரவை மிஞ்சிக்கொண்டே போனால் சொத்தை.

அதனால்தான் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது பெரிய கேள்வி. கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியும் பாயசமும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்திருப்பவரின் பல் தப்பிக்கும். வேலை நேரத்தில் மணிக்கொரு டீ, கூடவே இரண்டு பிஸ்கட் என்று போகிறவரின் பல்லுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றை உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம். பாக்டீரியாவுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். டீக்கு ஒன்றரை ஸ்பூன் போட்டால் நான்காவது டீயோடு அது தீர்ந்தது.

பூச்சி என்கிறார்களே, அது? பல்லுக்குள் புழு இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுக்கவே இருந்தது. பிரான்ஸில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் 1728-ல் எழுதிய பல் வைத்திய நூலிலேயே அதை மறுத்துவிட்டார். 1890-ல் டபிள்யூ.டி. மில்லர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், நுண்ணுயிர்களும் அவை உண்டாக்கும் அமிலமும் சேர்ந்துதான் பல்லைக் கரைக்கின்றன என்று விளக்கினார். 1924-ல் கிளார்க் என்ற ஆய்வாளர் மியூட்டன்ஸ் பாக்டீரியாவைச் சொத்தையிலிருந்து பிரித்தெடுத்தார். ஆனாலும் கண்டங்கத்திரி விதைப் புகை போட்டு 'புழு விழுந்துடுச்சு' என்று காட்டுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் முற்றாகப் போகவில்லை. பல்லுக்குள் எந்தப் புழுவும் இல்லை. அந்தப் புகைக்காகக் காத்திருந்த வாரங்களில் குழி இன்னும் ஆழமாகியிருக்கும், அவ்வளவுதான்.

படி 1: கண்ணாடி முன் பத்து நிமிடம்

நல்ல வெளிச்சம், கைபேசி டார்ச், ஒரு கண்ணாடி, கொஞ்சம் டிஷ்யூ காகிதம் அல்லது சுத்தமான பருத்தித் துணி போதும். முதலில் பல் துலக்கிவிடுங்கள். படலம் மூடிய பல்லில் ஒன்றும் தெரியாது. உதட்டைத் தூக்கிப் பிடித்து, ஈறோரம் பல்லைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். சில வினாடி காயட்டும். கடைவாய்ப் பற்களை நீங்களே பார்ப்பது கஷ்டம், வீட்டில் ஒருவரை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று இடங்களில் கண்ணை ஓட்ட வேண்டும்: ஈறை ஒட்டிய ஓரம், கடைவாய்ப் பல்லின் மேல் பள்ளங்கள், இரண்டு பல் ஒட்டி நிற்கும் இடுக்கு. மூன்றாவது இடம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே சில மறைமுகமான அறிகுறிகள் உண்டு: சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் கறியோ கீரையோ சிக்குவது, ஃப்ளாஸ் நூலை விட்டு இழுத்தால் நார் நாராகப் பிய்வது, பல்லின் மேல் விளிம்புக்கு அடியில் சாம்பல் நிற நிழல் தெரிவது.

சேஃப்டி பின்னாலோ ஊக்காலோ குத்திப் பார்க்காதீர்கள். ஆரம்பச் சொத்தையில் மேல்தோல் முழுசாக இருக்கும், அடியில்தான் தாது கரைந்திருக்கும். அந்த மேல்தோலைக் குத்தி உடைத்தால், ஆறியிருக்க வேண்டியது குழியாகிவிடும்.

சொத்தை போலத் தெரிந்து சொத்தையாக இல்லாதவையும் உண்டு. பள்ளத்தில் மெல்லிய பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் டீ, வெற்றிலைக் கறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்ததால், பல் தாடைக்குள் உருவாகும் வயதில் வந்த ஃபுளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இந்தப் பாதிப்பு ஒரு முக்கியக் காரணம். ஃபுளோரோசிஸ் திட்டு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஜோடி ஜோடியாக, பல பற்களில் ஒரே மாதிரி வரும். சொத்தை அப்படி வரிசை பார்த்து வருவதில்லை. ஈறை ஒட்டி ஆப்பு வைத்து வெட்டினாற்போல் தேய்ந்திருந்தால் அது அழுத்தி, குறுக்காக பிரஷ் போட்டதன் பலன். கூச்சம் இருக்கும், சொத்தை இருக்க வேண்டியதில்லை.

படி 2: சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளி. பல் பழையபடி ஆறக்கூடிய ஒரே கட்டம்

ஈறோரத்தில் பளபளப்பு போய் சுண்ணாம்பு அடித்தாற்போல் மங்கலான வெள்ளைத் திட்டு. சொத்தையின் முதல் முகம் இதுதான். பல்லைக் காயவைத்தால் மட்டும் தெரிகிறது, எச்சில் பட்டதும் மறைகிறது என்றால் கரைவு எனாமலின் வெளிப்பாதியோடு நிற்கிறது. ஈரமாக இருக்கும்போதே தெரிகிறது என்றால் அதையும் தாண்டிப் போயிருக்கிறது. பல் டாக்டர் ஏன் அடிக்கடி காற்றுக் குழாயால் பல்லை ஊதுகிறார் என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

இந்தக் கட்டத்தில் டிரில் தேவையில்லை. வேண்டியது ஃபுளோரைடு. கரைந்த இடத்தில் தாது திரும்பப் படியும்போது பக்கத்தில் ஃபுளோரைடு இருந்தால், முன்பிருந்ததைவிட அமிலத்தைத் தாங்கக்கூடிய படிகமாக அது படிகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: பேஸ்ட் டியூபைத் திருப்பி ஃபுளோரைடு அளவைப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் 1,000 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்பது விதி; அந்த 1,000-ஐ ஒட்டி இருப்பதை வாங்குங்கள். மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃபுளோரைடே இருப்பதில்லை. காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும்முன் ஒரு தடவை, இரண்டு இரண்டு நிமிடம். ராத்திரி துலக்குவதுதான் அதிக முக்கியம், ஏனென்றால் தூங்கும்போது எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொம்புத் தண்ணீர் விட்டு கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு வாஷ்பேசினில் போகும். நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது முதலில் ஒரு மாதிரிதான் இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பழமொழி இருக்கிறதே என்பீர்கள். வேப்பங்குச்சி படலத்தைத் தேய்த்து எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைவாயின் உட்புறத்துக்கும் இடுக்குக்கும் அது போகாது, ஃபுளோரைடும் தராது. செங்கல் பொடி, உமிக்கரி, உப்பு இவற்றைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: எனாமலை அறுக்கின்றன, விட்டுவிடுங்கள்.

டாக்டர் தன் பங்குக்கு அந்தத் திட்டின் மேல் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். சில நிமிட வேலை, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பள்ளங்கள் ஆழமாக இருந்தால் சீலண்ட் என்ற மெல்லிய பூச்சைப் போட்டு மூடிவிடலாம். சில மாதத்தில் திட்டு பளபளப்பாகி, கெட்டியாகி, சிலசமயம் பழுப்பாகவும் மாறும். பழுப்பானதும் பயந்துபோய் 'சுரண்டி எடுங்க டாக்டர்' என்று கேட்காதீர்கள். அது ஆறிய புண்ணின் தழும்பு.

படி 3: எனாமலில் சின்னக் குழி

மேல்தோல் உடைந்ததும் குழி. நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவும். வலி இன்னும் இல்லை, ஏனென்றால் எனாமலில் நரம்பு கிடையாது. இனி இது பேஸ்ட்டால் மூடாது. 'சொத்தையை வீட்டிலேயே ஆற்றும் எண்ணெய்' என்று வரும் வீடியோக்கள் எல்லாம் இந்த எல்லையை மறைத்துத்தான் பேசுகின்றன. எண்ணெய்க் கொப்பளிப்பு வாய்க்குக் கெடுதல் செய்யாது, குழியையும் நிரப்பாது.

இடுக்கில் இருக்கும் சொத்தைக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். கடித்துப் பிடிக்கிற சின்ன ஃபிலிமில் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் விழுகிற பைட்விங் வகை இதற்குச் சரியானது. சொத்தை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது, மேற்பரப்பும் உடையவில்லை என்றால் உடனே டிரில் போடாமல் ஃபுளோரைடும் ஃப்ளாஸும் வைத்து அடுத்த எக்ஸ்ரே வரை பார்க்கலாம். "இப்பவே அடைக்கணுமா, இல்ல வெயிட் பண்ணிப் பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. டென்டினைத் தொட்டிருந்தால் பதில் மாறும்.

படி 4: டென்டினுக்குள் இறங்கியது

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் மென்மையானது, அதில் நரம்பை நோக்கி நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. சொத்தை இங்கே வந்ததும் வேகம் பிடிக்கும், பக்கவாட்டில் பரவும். வெளியே ஊசி முனை ஓட்டை, உள்ளே குகை என்பது சகஜம். ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது கூரை இடிந்து விழும். 'முறுக்கு கடிச்சு பல் உடைஞ்சிடுச்சு' என்பார்கள், முறுக்கு பாவம்.

அறிகுறி கூச்சம். ஐஸ்கிரீமோ அல்வாவோ பட்டதும் சுரீர் என்று ஏறி, அதை எடுத்த ஒன்றிரண்டு வினாடியில் அடங்கிவிடும். இந்த 'சட்டென்று அடங்குவது' நல்ல செய்தி, நரம்பு இன்னும் நலமாக இருக்கிறது. கூச்சத்துக்கான பேஸ்ட்டை வாங்கித் தடவிக்கொண்டு இந்தக் கட்டத்தைக் கடத்தியவர்கள்தான் பிற்பாடு ரூட் கெனால் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

வைத்தியம் பல்லை அடைப்பது. மரத்துப்போக ஊசி, அழுகிய பகுதியை எடுப்பது, நிரப்புவது. ஒரே சிட்டிங். பல் நிறத்தில் இருக்கும், நீல விளக்கு காட்டி இறுக்குகிற காம்போசிட் இப்போது பரவலாகப் போடப்படுகிறது. போடும்போது எச்சில் படக் கூடாது என்பதால் டாக்டர் ரப்பர் டேம் என்ற ரப்பர் ஷீட்டை மாட்டினால் சந்தோஷப்படுங்கள். சிமெண்ட் என்று மக்கள் சொல்லும் கிளாஸ் அயனோமர், பல்லோடு நேரடியாக ஒட்டும், ஃபுளோரைடும் கசியவிடும். ஆனால் கடைவாயில் மெல்லும் விசைக்குத் தேய்ந்துபோகும். வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கம் உறுதியானது. பாதரசம் கலந்தது என்பதால் சுற்றுச்சூழல் காரணங்களுக்காக உலகம் அதைக் கைவிட்டு வருகிறது. ஏற்கெனவே வாயில் நன்றாக இருக்கிற பழைய வெள்ளி அடைப்பைப் பயந்து பிடுங்க வேண்டியதில்லை.

குழி ரொம்ப ஆழமென்றால், நரம்புக்கு மேலே சொத்தையால் மென்மையான டென்டினில் ஒரு மெல்லிய படலத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்து மேலே மூடுவது இன்றைய முறை. முழுசாகச் சுரண்டினால் நரம்பு திறந்துகொள்ளும். ஓரங்கள் சுத்தமாக இருந்து அடைப்பு இறுக்கமாக இருந்தால், உள்ளே மிஞ்சிய பாக்டீரியா உணவில்லாமல் அடங்கிவிடும்.

அடைத்த பல் சில நாள் லேசாகக் கூசும். கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்றால் பொறுத்துக்கொள்ளாமல் மறுநாளே போய்ச் சொல்லுங்கள், உயரத்தைக் குறைப்பது இரண்டு நிமிட வேலை.

படி 5: நரம்பு வீங்கியது

இப்போதுதான் அந்த ராத்திரி வருகிறது. மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ச்சி பட்டால் வலி அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிறதா? சூடான காபி பட்டால் வலிக்கிறதா? ஒன்றுமே படாமல், படுத்திருக்கும்போது தானாக வலித்து எழுப்புகிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் நரம்பு மீளாத அழற்சிக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். படுத்தால் வலி கூடுவதற்குக் காரணம், தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதும், விரிய இடமில்லாத கெட்டிச் சுவருக்குள் பல்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்பகுதி) வீங்கி நிற்பதும்.

முற்றிய நிலையில் வருகிறவரை வரவேற்பறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். ஒரு மடக்கு எடுத்து அந்தப் பக்கக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருப்பார், பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். தண்ணீர் வாய்ச் சூட்டுக்கு வந்ததும் முகம் மாறும், அடுத்த மடக்கு. குளிர்ச்சி கூசிய காலம் போய், குளிர்ச்சிதான் வலியை அடக்குகிறது என்ற நிலை வந்துவிட்டால் அடைப்பு உதவாது.

வைத்தியம் ரூட் கெனால். பல்லின் மேலிருந்து துளை போட்டு, வீங்கிய பல்கூழை எடுத்து, வேர்க் கால்வாய்களை மெல்லிய ஃபைல்களால் சுத்தம் செய்து, கிருமிநாசினி விட்டு அலசி, கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி மூடுவார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய், கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, நான்கு. ஒன்று முதல் மூன்று சிட்டிங். வலிக்கும் என்ற பெயர் அதற்குக் கெட்டுப்போய் நிற்கிறது. மரத்துப்போனபின் செய்யும் வேலைதான். வலித்தது நீங்கள் அதற்கு முன் தூங்காமல் கழித்த ராத்திரிகள்.

கடைவாய்ப் பல்லென்றால் முடிந்ததும் கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட்டே ஆக வேண்டும். வலி நின்றுவிட்டதே என்று கேப்புக்கு வராமல் போய், ஆறு மாதம் கழித்து பல் நெடுக்காகப் பிளந்துபோய் வருகிறவர்கள் ஏராளம். பிளந்த பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, முன்னால் செலவழித்த பணமும் போனது.

இன்னொன்று, ஆன்டிபயாட்டிக். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்வலிக்கு அது வேலை செய்யாது. மெடிக்கலில் போய் 'பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை' என்று வாங்குவதில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். வலியைக் குறைத்தது கூட வந்த வலி மாத்திரை.

படி 6: வலி நின்றுவிட்டது, அதுதான் பிரச்சினை

ஒருநாள் காலையில் வலி காணாமல் போயிருக்கும். உப்புத் தண்ணீர் கொப்பளித்ததால் என்றோ, சாமிக்கு வேண்டிக்கொண்டதால் என்றோ தோன்றும். உள்ளே நரம்பு செத்துவிட்டது. செத்த பல்கூழ் பாக்டீரியாவுக்கு விருந்து. வாரங்களிலோ மாதங்களிலோ வேர் நுனிக்கு வெளியே எலும்பில் சீழ் கட்டும். பல் சாம்பல் நிறமாக மங்கும், கடித்தால் நோகும், சற்று எழும்பி நிற்பதுபோல் இருக்கும். ஈறில் பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம் வந்து உடைந்து, வாயில் உப்புக் கரிக்கும் கெட்ட சுவை வரும், மறுபடி வரும். சீழ் வெளியேற வழி கிடைத்ததால் வலிக்காது, அதனால் சிலர் வருஷக்கணக்கில் அதோடு வாழ்கிறார்கள்.

இந்த நிலையிலும் பல்லைக் காப்பாற்ற முடியும். அதே ரூட் கெனால், கொஞ்சம் அதிக சிட்டிங். மேல்பகுதி கேப்பைப் பிடிக்க முடியாத அளவுக்குப் போயிருந்தால் பிடுங்குவதுதான் நேர்மையான ஆலோசனை.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும்:

- தாடைக்குக் கீழே அல்லது கழுத்தில் கெட்டியான வீக்கம், நாக்கு மேலே தள்ளப்படுவது
- எச்சிலை விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், குரல் மாறுவது
- வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காமை
- கண் இமை வரை ஏறிய வீக்கம், குளிர்க்காய்ச்சல்

தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவும் சீழ்த்தொற்றுக்கு லட்விக்ஸ் ஆஞ்சைனா என்று பெயர். மூச்சுக்குழாயை அடைத்து உயிரை எடுக்கக்கூடியது, பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையிலிருந்துதான் தொடங்குகிறது.

பிடுங்க வேண்டி வந்தால்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மேல் பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. பார்வைக்கு ஒன்றும் ஆகாது. பிடுங்கியபின் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். முதல் 24 மணி நேரம் துப்பக் கூடாது, ஸ்ட்ரா கூடாது, சிகரெட் கூடவே கூடாது. குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் எலும்பு தெரிந்து கடுமையாக வலிக்கும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை மெல்லக் கொப்பளிக்கலாம். ஆறியபின் இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட், கழற்றி மாட்டும் பல் எது சரி என்று பேசி முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன், எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி, கர்ப்பம் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை அந்த ஒரு ராத்திரி

தலையணையை உயர்த்திப் படுங்கள். குழியில் சிக்கியதை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் அலசுங்கள். பாராசிட்டமால் எடுக்கலாம், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், டெங்கு சந்தேகம் எதுவும் இல்லாத பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரூஃபென் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்றாகக் கேட்கும். அட்டையில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டுக் குழிக்குள் மட்டும் வைக்கலாம், ஈறில் பட்டால் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்குவது, புகையிலை, மூக்குப்பொடி, பெட்ரோல் தொட்டு வைப்பது எல்லாம் புண்ணைத்தான் கூட்டும். கன்னத்துக்கு வெளியே வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சீழ் இருந்தால் வீக்கம் வெளிப்பக்கம் இழுக்கும். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள்.

குழந்தைகள்

"பால் பல்தானே டாக்டர், விழுந்துடப் போகுது" என்பதுதான் அம்மாக்கள் சொல்வதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாக்கியம். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வேலை செய்ய வேண்டியவை. அவை சீக்கிரம் போனால் அடியில் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் போய்விடும், சீழ் பிடித்தால் அந்தப் பல்லின் எனாமலே கெடலாம். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் பெரியவர்களுக்கு வருஷம் ஆவது இவர்களுக்கு மாதங்களில் ஆகிவிடும்.

ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரம் வெள்ளையாகி, மஞ்சளாகி, கரைந்துபோகும். கீழ் முன்பற்கள் நாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கும். அந்த வித்தியாசமே பாட்டிலைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃபுளோரைடு பேஸ்ட்: மூன்று வயது வரை அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. துலக்கிவிடுவது பெரியவர் கை, ஏழெட்டு வயது வரை.

ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவதால்தான் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரூட் கெனால் செய்ய நேர்கிறது. அது முளைத்ததும் சீலண்ட் போட்டுவிடுங்கள். நாற்காலியில் உட்கார மறுக்கும் சின்னக் குழந்தைக்கு டிரில் இல்லாத வழியும் உண்டு: சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற சொட்டு மருந்தைத் தடவினால் சொத்தை அங்கேயே நிற்கும், ஆனால் அந்த இடம் கருத்துவிடும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எங்கே போவது, போனால் என்ன கேட்பது

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் பல்வலியோடு வீட்டில் உட்கார வேண்டாம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியார் பல் கல்லூரிகளில் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் கூடுதலாகும், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

எங்கே போனாலும் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, சொத்தை நரம்புக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். கேப்போடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயைக் கைபேசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டருக்கு அது தேவைப்படும்.

கேப் போட்ட பல்லுக்குத் தனிக் கவனம் தேவை. அதன் ஈறோரத்தில் மறுபடி சொத்தை விழலாம். உள்ளே நரம்பு எடுக்கப்பட்டுவிட்டதால் அது கூசவும் செய்யாது, வலிக்கவும் செய்யாது. ஆகவே தினமும் ராத்திரி அதன் இரண்டு பக்கமும் ஃப்ளாஸ் விடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டும்போது, அந்தப் பல்லின் விளிம்பைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.